பருப்பு வெந்த தண்ணீர்

அத்தியாயம் ஏழு

கத்திரி வெயிலில் இரண்டரை மைல் நடந்துவிட்டால் துப்பறிகிறவருக்கும் மூட்டை தூக்குகிறவருக்கும் முகத்தில் வித்தியாசம் இருக்காது. கவரப்பேட்டை ஸ்டேஷனில் இறங்கியதும் துளசிராமன் மாட்டு வண்டி தேடினார். வண்டிகள் இருந்தன, மாடுகள் இல்லை. காட்டத் தண்ணீர் இல்லாமல் அவற்றையெல்லாம் நாயுடுப்பேட்டைப் பக்கம் உறவுக்காரர்கள் வீட்டுக்கு ஓட்டிவிட்டார்களாம்.

"மாட்டுக்குக்கூட மாமியார் ஊடு இருக்குது சார்," என்றாள் மேரி. "நமக்குத்தான் போக்கிடம் இல்ல."

மேரி அவருடைய உதவியாளர். பத்து வருஷம் டெலிபோன் ஆபீசில் உட்கார்ந்து ஊரார் பேச்சையெல்லாம் கேட்டுக் கேட்டு, கடைசியில் ஒரு பெரிய மனிதர் பேச்சின் நடுவே சிரித்துவிட்டதற்காக வேலையை இழந்தவள். துளசிராமன் முன்னாள் போலீஸ் சப் இன்ஸ்பெக்டர். வயது ஐம்பத்து நான்கு. வலது காலில் ஆணி. ராயபுரத்தில் ஒரு மாடியறையில் பலகை மாட்டிக்கொண்டு, காணாமல் போன நகைகளையும் காணாமல் போன கணவர்களையும் தேடிக் கொடுத்துக் களைத்துப் போனவர். இந்த முறை அவரைத் தேடி வந்த வழக்கில் காணாமல் போனது ஒரு ஊரின் தண்ணீர்.

வேப்பம்பாக்கம் சின்ன ஊர் அல்ல. வாரச் சந்தை உண்டு, ஹைஸ்கூல் உண்டு, நெல் மில் இரண்டு உண்டு. மூன்று வருஷமாக மழைதான் இல்லை. ஏரி வெடித்துக் கிடந்தது. ஊர்க் கிணறுகள் கரித்தன. பெண்கள் ஆரணியாற்று மணலில் ஆள் உயரத்துக்குப் பள்ளம் தோண்டி உள்ளே இறங்கி, சிரட்டையால் மொண்டு மொண்டு ஒரு குடம் நிரப்புவதற்குள் பொழுது ஏறிவிடும். ஏரியும் ஆறும் கைவிட்ட பிறகு பூமிக்குள் தேடலாம் என்று ஜில்லா போர்டு குழாய் இறக்கும் யந்திரத்தை அனுப்பியது. முதல் துளையில் தூசி வந்தது. இரண்டாவதில் உப்பு வந்தது. மூன்றாவதில், ஊருக்குக் கிழக்கே ஒரு சவுக்குத் தோப்பின் ஓரத்தில், நூற்று நாற்பது அடியில் நல்ல தண்ணீர் வந்தது.

அப்படித்தான் ஓவர்சீயர் மணவாளன் ரிப்போர்ட் எழுதினார். இரண்டு பாட்டிலில் அந்தத் தண்ணீரைப் பிடித்து, அரக்கு முத்திரை வைத்து, மெட்ராஸுக்குப் பரிசோதனைக்கும் அனுப்பினார். பத்து நாள் கழித்துப் பதில் வந்தது. தண்ணீரில் உப்பு அதிகம். மனிதர் குடிக்க லாயக்கில்லை. கூடவே இன்னொரு காகிதமும் வந்தது. பொய் ரிப்போர்ட் கொடுத்த மணவாளன் தற்காலிக வேலைநீக்கம்.

மணவாளன் நேற்று ராயபுரம் வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து இதையெல்லாம் சொன்னார். குழாயைப் பிடுங்கும்படி உத்தரவு தயாராகிவிட்டதாம். இன்று பிற்பகல் மூன்று மணி ரயிலில் வருகிறதாம். பிடுங்கிய ஒரு மணி நேரத்தில் மணல் சரிந்து துளை மூடிக்கொள்ளும். யந்திரம் திருத்தணிப் பக்கம் போய்விடும். மறுபடி இந்த ஊர் முறை வர இரண்டு வருஷமாகும்.

"என் வேலை போனா போவட்டும் சார். அந்தக் குழாய் நிக்கணும்," என்று சொல்லிவிட்டு, வேலை போனால் போகட்டும் என்பது பொய் என்று முகத்திலேயே தெரியும்படி உட்கார்ந்திருந்தார்.

மணி பத்தரை. உத்தரவு வர இன்னும் நாலரை மணி நேரம் இருந்தது.

குழாயடியில் மணவாளன் காத்திருந்தார். நாற்பது வயது மனிதர், ஒரே வாரத்தில் ஐம்பது ஆகியிருந்தார். கைப்பம்பை நாலு அடி அடித்து ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார். துளசிராமன் குடித்தார். இன்னொரு டம்ளர் கேட்டுக் குடித்தார். இளநீருக்கு அக்கா மாதிரி இருந்தது.

இத்தனை நல்ல தண்ணீர் இங்கேயே வழிகிறபோது துப்பறிய என்ன இருக்கிறது என்று மேரி கேட்டாள். அங்கேதான் சிக்கல் என்றார் மணவாளன். போர்டு இன்ஜினீயரிடம் போய்க் குடித்துப் பாருங்கள் என்று கெஞ்சினாராம். துளை போட்ட அன்று உப்புத்தான் வந்தது, மாட்டிக்கொண்ட பிறகு நீரே நாலு பீப்பாய் நல்ல தண்ணீரை உள்ளே ஊற்றிவிட்டு நாடகம் ஆடுகிறீர் என்று அவர் சொல்லிவிட்டாராம். ஆகவே இன்றைக்குத் தண்ணீர் இனிப்பதால் பயன் இல்லை. பாட்டிலில் பிடித்த அன்றைக்கு இனித்ததா என்பதுதான் கேள்வி.

"போன மாசத்துத் தண்ணிக்கு இன்னைக்கு சாட்சி தேடணும்," என்றாள் மேரி. "சுலபமான வேலையா குடுக்கவே மாட்டாங்களா சார் நமக்கு?"

யந்திரத்தோடு ஊர் ஊராகப் போகிறவர்கள் நெல்லூர்ப் பக்கத்து ஆட்கள். மேஸ்திரியின் மனைவி கங்கம்மாதான் எட்டுப் பேருக்கும் சமையல். குழாயின் கழுத்தில் காய்ந்த வேப்பிலையும் மஞ்சள் துணியும் கட்டியிருந்ததைத் துளசிராமன் அப்போதுதான் பார்த்தார். அது யார் கட்டியது என்று கேட்டார். கங்கம்மா கொஞ்சம் வெட்கத்தோடு, தாங்கள் கட்டியதுதான் என்றாள். எந்த ஊரில் துளை போட்டாலும் முதல் தண்ணீரைக் கடவுளுக்குக் காட்டிவிட்டு அதிலே துவரம்பருப்பை வேகப் போடுவார்களாம். பருப்பு மசிந்தால் குழாய்க்கு மஞ்சள் கட்டுவார்கள். மசியாவிட்டால் ஒன்றும் கட்டாமல் பேசாமல் மூட்டை கட்டுவார்கள். போன துளையில் கட்டவில்லை.

"உப்புத் தண்ணில பருப்பு வேவாது நைனா. கல்லு மாதிரி நிக்கும். இதுல ஒரே கொதி. கரண்டி போடறதுக்கு முந்தி கரைஞ்சு போச்சு. அன்னிக்கு வியாழக்கிழமை. மறுநா காலைலதான் அய்யா பாட்டிலு புடிச்சாரு."

மணவாளன் வாயைத் திறந்தபடி நின்றார். பத்தடி தூரத்தில் பருப்பு வெந்திருக்கிறது, அதைச் சாப்பிட்டுமிருக்கிறார். ரிப்போர்ட்டில் எழுதத் தகுந்த விஷயமாக அது அவருக்குத் தோன்றவில்லை.

"மெட்ராஸ்ல கண்ணாடிக் குழாய்ல ஊத்தி ஊத்திப் பாத்ததுக்கு ஒரு பிடி பருப்பு போட்டிருக்கலாம்," என்றாள் மேரி. "மிச்சத்தை ரசம் வச்சிருப்பாங்க."

துளசிராமன் வேப்ப மரத்து நிழலில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினார். அவருக்குள் ஒரு முடிச்சு அவிழ்ந்து இன்னொரு முடிச்சு விழுந்திருந்தது. வியாழக்கிழமை துளையில் நல்ல தண்ணீர். வெள்ளிக்கிழமை பாட்டிலில் நல்ல தண்ணீர். மெட்ராஸ் போய்ச் சேர்ந்தது உப்புத் தண்ணீர். நடுவில் யாரோ மாற்றியிருக்கிறார்கள். பரிசோதனைக் காகிதத்தை மறுபடி படித்தார். நாலே வரி. உப்பு மிகுதி. நிறம் லேசான பழுப்பு. பாட்டிலின் அடியில் கறுப்புத் தூளும் சிறு கரித்துண்டுகளும் தங்கியிருந்தன. முத்திரைகள் பழுதில்லாமல் இருந்தன.

கரி என்றதும் மணவாளன் சவுக்குத் தோப்பின் பக்கம் கையைக் காட்டினார். தோப்பு பூவராகவனுடையது. அவர் அங்கே சவுக்கை எரித்துக் கரி போடுகிறவர். குழாய் போடக்கூடாது, தன் வயல் கிணறு வற்றிவிடும் என்று மூன்று மனு கொடுத்தவர். முத்திரை வைத்த பாட்டில்கள் ரயில் நேரம் வரும்வரை ஒரு மணி நேரம் அவர் கொட்டகையில்தான் இருந்தன.

"சாமி கும்பிடப் போன எடத்துல தேங்காயே கைல வந்து உழுது," என்றாள் மேரி. துளசிராமனுக்கு அதுதான் பிடிக்கவில்லை. தானாகக் கையில் வந்து விழுகிற தேங்காய் பாதி நாள் அழுகலாக இருக்கும். இருந்தாலும் எழுந்தார்.

பூவராகவன் கரிமேட்டின் பக்கத்தில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். அறுபது வயது. வந்தவர்களை உட்காரச் சொல்லவில்லை. ஆமாம், மனு கொடுத்தேன், நாலாவதும் கொடுப்பேன் என்றார். ஊருக்குத் தண்ணீர் வேண்டாமா என்று மணவாளன் கேட்டதற்கு, ஊருக்கு வேண்டும், அதை ஊர்ப் பொட்டலில் தோண்டு, என் கிணற்றின் காலடியில் ஏன் தோண்டுகிறாய் என்றார். அதில் நியாயம் இல்லாமல் இல்லை என்று துளசிராமனுக்குப் பட்டது. களைத்த மனிதருக்கு எல்லாருடைய நியாயமும் கொஞ்சம் கொஞ்சம் தெரிந்துவிடுகிறது, அதுதான் தொந்தரவு.

காகிதத்தில் இருந்த கரியைப் பற்றி அவர் மெல்ல எடுத்தார். பூவராகவன் கடலையை நிறுத்தினார்.

"அடியில இருந்துச்சா மேல இருந்துச்சா?"

அடியில் என்று துளசிராமன் சொன்னார்.

பூவராகவன் எழுந்து, மேட்டிலிருந்து ஒரு பிடி கரியை அள்ளி, மாட்டுத் தொட்டியின் அடியில் கிடந்த கொஞ்சம் தண்ணீரில் எறிந்தார். அத்தனையும் மிதந்தது. விரலால் ஒரு துண்டை அமுக்கினார். விட்டதும் அது மேலே வந்து அவரைப் பார்த்தது.

"என் கரி மிதக்கும். மூழ்குற கரி என்னுது இல்ல. போலீஸ்ல இருந்தீங்கன்னாங்க. அங்க அடுப்பு மூட்டுறது யாரு, ஊட்ல அம்மாவா?"

மேரி இருமலுக்குள் சிரிப்பை ஒளித்தாள். துளசிராமன் கைகூப்பினார். முப்பது வருஷ வேலையில் எத்தனையோ பேர் அவரை முட்டாளாக்கியிருக்கிறார்கள். ஒரு பிடி கரியால் இத்தனை சுருக்கமாக யாரும் செய்ததில்லை.

வெளியே வரப்புக்கு வந்ததும் மேரி சொன்னாள். "மூழ்குற கரி ஒண்ணுதான் சார். பூமியில வெட்டி எடுக்கறது. ரயிலு தின்றது."

அதற்குள் அவரும் அங்கேதான் வந்து நின்றிருந்தார். பாட்டில்கள் மாறியது இந்தத் தோப்பில் அல்ல. ரயில் பாதையில் எங்கோ. ஆனால் முத்திரை? உடைக்காத முத்திரைக்குள் தண்ணீர் எப்படி மாறும்? பித்தளை முத்திரை எங்கே இருந்தது என்று மணவாளனைக் கேட்டார். என்னிடம்தான், வேறு எங்கே போகும் என்றார் மணவாளன், கொஞ்சம் வேகமாகவே.

மேரி குடையைச் சுருக்கிக்கொண்டு நின்றாள். "ஏன் சார், பாட்டிலோட தபால் பையும் போயிருக்குமில்ல? பிரயாண பில்லு, மனு, அது இதுன்னு. எங்க ஆபீஸ்ல பையைக் கடைசியா மூடி அரக்கு வெக்கிறது பியூன்தான். வேகாத வெயில்ல எந்த ஆபீசரு ஸ்டேஷன் வரைக்கும் நடப்பாரு?"

மணவாளன் கழுத்து சிவந்தது. பிறகு, எல்லா ஓவர்சீயரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்றார். முத்திரையையும் அரக்குக் கட்டியையும் பியூன் ராஜமாணிக்கத்திடம் கொடுத்து அனுப்புவதுதான் வழக்கமாம். இருபத்தைந்து வருஷ சர்வீஸ், ஒரு தபால் தவறியதில்லையாம். விதிப்படி முத்திரை ஓவர்சீயர் கையை விட்டுப் போகக் கூடாது. அதைச் சொன்னால் தன் தலை இன்னும் ஆழமாகப் போகும் என்று பயந்து நேற்று சொல்லவில்லையாம்.

"நீங்க மறைச்ச ஒண்ணாலதான் நான் அந்தப் பெரியவர் முன்னாடி கரியைப் பூசிக்கினு நின்னேன்," என்றார் துளசிராமன். கோபப்பட்டுச் சொல்லவில்லை, கோபத்துக்கும் ஈரம் வேண்டியிருந்தது.

மூவரும் ஸ்டேஷனுக்கு நடந்தார்கள். உத்தரவு வருகிற அதே ரயிலில், அதைக் கையில் கொண்டு வருகிறவரும் ராஜமாணிக்கம்தான். மணி இரண்டு அடித்திருந்தது.

ஸ்டேஷன் வாசலில் அப்துல் வஹாபின் அரிசிக் கடை. பழவேற்காட்டுக் குடும்பம், தகப்பனார் காலத்தில் இங்கே வந்து கடை போட்டவர்கள். மேரி நிழலுக்காகத் திண்டாடி ஒரு மூட்டையின் மேல் சாய்ந்ததும், வஹாப் பாய் அரை டம்ளர் தண்ணீர் கொண்டு வந்து நீட்டினார். முழு டம்ளர் கொடுக்க முடியாததற்கு மன்னிப்பும் கேட்டார். போர்டு ஆட்கள் என்று மணவாளன் மூலம் தெரிந்ததும் அவர் முகம் மலர்ந்தது. போர்டில் இவருக்கு ஒரு மனிதர் வேண்டியிருந்தார். பேர் தெரியாது. காக்கிச் சட்டை, நரைத்த மீசை, தோளில் போர்டு பேர் போட்ட பை. அவரைக் கண்டுபிடித்துக் கொடுக்க முடியுமா என்றார்.

"எதுக்கு பாய்?" என்றார் துளசிராமன்.

வஹாப் பாய் உட்கார்ந்து சொன்னார். அவர் தங்கை சைதா போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, காய்ச்சலில் கிடந்த ஆறு வயது மகள் ஆபிதாவைத் தூக்கிக்கொண்டு மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டாள். மீஞ்சூரில் வண்டி நின்றுவிட்டது. இன்ஜினுக்கே தண்ணீர் இல்லை. இரண்டு மணி நேரம் நடு வெயில். கொண்டு வந்த தண்ணீர் தீர்ந்து, குழந்தைக்குக் கண் மேலே செருகிவிட்டது. பெட்டியில் யாரிடமும் ஒரு சொட்டு இல்லை. ஸ்டேஷனில் இன்ஜினுக்கு நிலக்கரி குவித்த கரிமேட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிணறு. வாயில் வைக்க முடியாத உப்பு. அப்போது எதிரே உட்கார்ந்திருந்த காக்கிச் சட்டைக்காரர் மடியிலிருந்த பாட்டிலைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாராம். பிறகு அரக்கை நகத்தால் பெயர்த்து, மூடியைத் திறந்து, குழந்தைக்குப் புகட்டினாராம். அதைப் பார்த்து ஒரு கிழவர் கையேந்தினார். அடுத்து ஒரு கர்ப்பிணி. இரண்டாவது பாட்டிலும் திறந்தாயிற்று.

"அப்படி ஒரு தண்ணிய ஆயுசுல குடிச்சதில்லைன்னு சைதா இன்னும் சொல்லுது சார். அந்த மனுசருக்கு என் ஊட்டுல ஒருவேளை சோறு போடணும். இல்லாட்டி எனக்குத் தூக்கம் வராது."

துளசிராமன் வாழ்க்கையில் எத்தனையோ வாக்குமூலங்களை மிரட்டியும் கெஞ்சியும் வாங்கியிருக்கிறார். நன்றி சொல்கிறேன் என்று ஒருவர் இப்படி ஒரு மனிதரைக் காட்டிக்கொடுத்து அவர் பார்த்ததில்லை.

ரயில் இருபது நிமிஷம் தாமதமாக வந்தது. ராஜமாணிக்கம் கடைசிப் பெட்டியிலிருந்து பையை மார்போடு அணைத்தபடி இறங்கினார். மணவாளனைப் பார்த்ததும் பழைய வழக்கத்தில் சலாம் வைத்தார். அவர் கை இறங்குவதற்குள் கடையின் உள்ளிருந்து ஒரு சின்னப் பெண் ஓடிவந்து அவர் காக்கிச் சட்டையைப் பிடித்துக்கொண்டது.

"தண்ணித் தாத்தா."

அவர் குனிந்து அதன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். காய்ச்சல் போச்சா கண்ணு என்றார். நிமிர்ந்தபோது நான்கு பேர் தன்னையே பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டார். துளசிராமன் தாம் யாரென்று சொன்னார்.

ராஜமாணிக்கம் எதையும் மறைக்கவில்லை. மறைக்க வேண்டிய விஷயம் என்றே அவர் நினைத்திருக்கவில்லை. காலி பாட்டிலைக் கொண்டுபோனால் தப்பாகிவிடுமே என்று அந்தக் கரிமேட்டுக் கிணற்றில் நிரப்பி, பையிலிருந்த அரக்கை உருக்கி முத்திரை வைத்தாராம். அது எதற்காகப் போகிற தண்ணீர் என்று தெரியாதா என்று துளசிராமன் கேட்டார்.

"தெரியுங்க. ஆனா அய்யாதான் கைப்பட நல்ல தண்ணின்னு ரிப்போட் எழுதிட்டாரே. காயிதம்தான பேசும். பாட்டிலு அதுக்கு இணைப்பு. இருபத்தஞ்சு வருசமா இணைப்பு தூக்கிக்கினு போறேன் அய்யா. ஒரு தபா கூட எவனும் பிரிச்சுப் பாத்ததில்ல."

இதைக் கேட்டு யாராவது சிரித்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். மணவாளன் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

அந்த இணைப்பை இந்த முறை பிரித்துப் பார்த்தார்கள் என்று துளசிராமன் எடுத்துச் சொன்னார். மணவாளன் வேலை எதனால் போனது என்று சொன்னார். அந்த மெமோவையும் நான்தானே கொண்டுவந்து கொடுத்தேன் என்று ராஜமாணிக்கம் முணுமுணுத்தார். மேலிடத்து விவகாரம் ஏதோ என்று நினைத்தாராம். இப்போது பையில் இருப்பது குழாயைப் பிடுங்கும் உத்தரவு என்று சொன்னதும், அவர் பையை மார்பிலிருந்து இறக்கிக் கீழே வைத்தார். பாம்பை வைப்பது போல வைத்தார்.

பிறகு ராஜமாணிக்கம் உறையின் முகவரியைக் காட்டிப் படிக்கச் சொன்னார். ஓவர்சீயர், குழாய்த் துளை முகாம் என்று மேரி படித்தாள்.

"ஓவர்சீயரு இப்ப யாருங்க?"

யாரும் இல்லை. மணவாளன் நீக்கப்பட்டார், புது ஆள் இன்னும் வரவில்லை. வழக்கமாக மேஸ்திரியிடம் கொடுத்துப் பெருவிரல் ரேகை வாங்கிக்கொண்டு போய்விடுவார்களாம். ஆனால் மேஸ்திரி போர்டு ஆள் அல்ல, கூலி ஆள். வாங்க உரிய ஆள் இல்லாத தபாலைத் திருப்பிக் கொண்டு போக வேண்டும் என்பதுதான் விதி. அப்படிப் போனால் இரண்டு நாள், அதிர்ஷ்டம் இருந்தால் மூன்று நாள்.

"இன்னா சார் இது, பேஜாரு," என்றாள் மேரி மெதுவாக. "நாம காலைலேருந்து சுத்தறோம். பெரியவரு ஒரு உறையைத் திருப்பிப் பாத்து ரெண்டு நா வாங்கிட்டாரு."

ஆனால் இரண்டு நாள் போதாது என்று எல்லாருக்கும் தெரிந்தது. புதிதாகத் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனால், முதல் பாட்டிலில் உப்பு எப்படி வந்தது என்றுதான் இன்ஜினீயர் கேட்பார். அதற்குப் பதில் ஒன்றே ஒன்று. அது ஒருவருடைய கையெழுத்தோடு இருக்க வேண்டும். ராஜமாணிக்கத்துக்கு ஓய்வு பெற இன்னும் நாலு மாதம் இருந்தது. கையெழுத்துப் போட்டால் வேலையும் இல்லை, பென்ஷனும் இல்லை.

மணவாளன் அவரைப் பார்க்கவே இல்லை. கேட்க அவருக்கு வாய் வரவில்லை, கேட்காமலிருக்கவும் முடியவில்லை. துளசிராமனுக்கும் அப்படித்தான். குற்றவாளியைக் கண்டுபிடித்தாயிற்று, வழக்கு முடிந்தது. இதைவிட, கண்டுபிடிக்காமல் தோற்றுப்போன வழக்குகளில் அவர் நன்றாகத் தூங்கியிருக்கிறார். வேண்டுமானால் பேரைப் போடாமல், வழியில் பாட்டில்கள் கை மாறின என்று மட்டும் எழுதிப் பார்க்கலாமா என்று கேட்டார். நடக்காது என்று தெரிந்தே கேட்டார்.

"பேரு இல்லாத காயிதத்தைக் குப்பைல போடுவாங்க அய்யா. நான் போட்டிருக்கேன்." ராஜமாணிக்கம் மீசையைத் துடைத்துக்கொண்டார். "எளுதும்மா நீ. சுருக்கமா எளுது. இன்ஜினீயருக்குப் பொறுமை கிடையாது."

மேரி எழுதினாள். பதினோரு வரி வந்தது. படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டார். பாட்டில்களைத் திறந்தது தவறு என்று உணர்கிறேன் என்ற வரி வந்தபோது கையை உயர்த்தினார். அதை எடுக்கச் சொன்னார். கிணற்றில் நிரப்பியது தப்பு, அதை எவ்வளவு பெரிதாக வேண்டுமானாலும் எழுதிக்கொள் என்றார். திறந்ததைத் தப்பு என்று எழுத வேண்டாம் என்றார். மேரி அந்த வரியை அடித்தாள். அவர் குழந்தை எழுத்தில், நாக்கைக் கடித்தபடி கையெழுத்துப் போட்டார்.

இந்தக் காகிதத்தில் என்ன இருக்கிறது என்று வஹாப் பாய்க்கு யாரும் சொல்லவில்லை. அவராகவே புரிந்துகொண்டார். ஊரில் ஓட்டிவிடாமல் மிச்சமிருந்த தங்கை வீட்டு மாட்டை ஒற்றை வண்டியில் பூட்டி எல்லாரையும் குழாயடிக்குக் கொண்டு போனார். மணவாளன் தொடவில்லை, பிடித்தது, மூடியது, அரக்கு வைத்தது எல்லாம் துளசிராமன் கண் முன்னால் ராஜமாணிக்கமே செய்தார். முத்திரையைத் துளசிராமன் தம் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கங்கம்மா வழியில் குடிக்க ஒரு கூஜா நிறையத் தண்ணீர் கொடுத்தாள்.

ஆறு மணி ரயிலில் துளசிராமன், மேரி, ராஜமாணிக்கம் மூவரும் ஏறினார்கள். பொன்னேரி வருவதற்குள் கூஜா காலி. ராஜமாணிக்கம் கேட்டவர்களுக்கெல்லாம் ஊற்றினார், தனக்கு ஊற்றிக்கொள்ளவில்லை. பிறகு இரண்டு பாட்டில்களையும் மடியில் வைத்து, மேலே கையை வைத்துக்கொண்டார். மேரி ஜன்னலில் தலை சாய்த்துக் கண்ணை மூடியிருந்தாள், தூங்கவில்லை.

மீஞ்சூரில் வண்டி நின்றது. ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம் ஆயிற்று. வெயில் இறங்கியும் தகரம் கொதித்தது. எதிர் பலகையில் கைக்குழந்தையோடு ஒரு பெண் இருந்தாள். குழந்தை அழுது அழுது ஓய்ந்து, இப்போது சத்தமில்லாமல் வாயை மட்டும் திறந்து திறந்து மூடியது. அவள் பாட்டில்களைப் பார்த்தாள். அவற்றின் கழுத்தில் இருந்த சிவப்பு அரக்கைப் பார்த்தாள். கொஞ்சம் தயங்கிவிட்டு, ஒரு வாய் கிடைக்குமா பெரியவரே என்று கேட்டாள்.

ராஜமாணிக்கம் துளசிராமனைத் திரும்பிப் பார்த்தார். துளசிராமன் முப்பது வருஷத்தில் எந்தக் கண்ணையும் நேராகப் பார்க்கத் தயங்கியதில்லை. அவர் ஜன்னலுக்கு வெளியே கரிமேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது குடிக்கிற தண்ணி இல்ல தாயி," என்றார் ராஜமாணிக்கம்.

அந்தப் பெண் சரி என்று தலையசைத்தாள். நரைத்த மீசை வைத்த ஒரு பெரிய மனிதர் பொய் சொல்லமாட்டார் என்று நம்பிக் குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டாள். மேரி எழுந்து, காலிக் கூஜாவை எடுத்துக்கொண்டு, பிளாட்பாரத்தில் இறங்கி, ஊருக்குள் விளக்குத் தெரிந்த முதல் வீட்டை நோக்கி ஓடினாள்.